அறந்தாங்கிக்கு 614

புதுக்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 622001. ஆலங்குடி 622301, கறம்பக்குடி 622302, பொன்னமராவதி 622407, திருமயம் 622507. இந்த ஐந்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்றால் 622 என்று மனத்தில் பதிந்துவிடும். எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து அரசு விண்ணப்பம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவருக்கும் அப்படித்தான் பதியும். “மாவட்டம் புதுக்கோட்டை என்று வந்தால் பின்கோடு 622-ல் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காதே” என்று சர்வரில் ஒரு விதி எழுத ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியில் அறந்தாங்கி முழுவதும் வெளியே நின்றுவிடும். அதன் எண் 614616. ஆவுடையார்கோயிலுக்கு 614618, மணமேல்குடிக்கு 614620. வடக்கே கந்தர்வகோட்டைக்கு 613301. மேற்கே, மலைமேல் முருகன் கோயில் உள்ள விராலிமலைக்கு 621316.

இதில் அஞ்சல் துறையின் பிழை எதுவும் இல்லை. நாட்டில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14-ல், திருச்சி மாவட்டத்தில் இருந்த புதுக்கோட்டைக் கோட்டத்தோடு தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகள் சிலவற்றைச் சேர்த்து. எண் முந்தியது, எல்லை பிந்தியது. தவிரவும், பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள் தபால் எந்த இடத்தில் பிரிக்கப்படும் என்பதைச் சொல்பவை. எந்த ஆட்சியர் அலுவலகத்துக்குக் கீழே அந்த ஊர் வருகிறது என்ற கணக்கு அவற்றில் கிடையாது. பட்டுக்கோட்டையும் அறந்தாங்கியும் 614-ல் சேர்ந்திருப்பதும், கந்தர்வகோட்டை தஞ்சாவூரோடு 613-ல் இருப்பதும் அதனால்தான்.

சர்வரில் எழுதும் ஒவ்வொரு சரிபார்ப்பு விதியும் உலகத்தைப் பற்றி நாம் சொல்லும் ஒரு செய்தி. “பின்கோடு இப்படித்தான் இருக்கும்”, “பெயரில் இந்த எழுத்துகள்தான் வரும்”, “எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு” என்றெல்லாம் நிரல் உறுதியாகச் சொல்கிறது. அந்தச் செய்தி பொய்யாக இருந்தாலும் நிரல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடும். மாட்டிக்கொள்கிறவர் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர். அதற்காக விதியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. விட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். கெட்டதை உள்ளே விடாமலும் உண்மையானதைத் திருப்பி அனுப்பாமலும் விதி எழுதுவது ஒரே வேலையின் இரண்டு பாதிகள். நமது பாடப் புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுக்கின்றன.

முதலில், பெட்டியில் தட்டிய மதிப்பு சர்வருக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். மணமேல்குடிப் பக்கத்தில் ராமாயி என்று ஒரு பெண்மணி, வயது 63, வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி முன்னால் இருக்கும் பெண் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பி, ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்துகிறார். அந்த நொடியில் பிரவுசர் எல்லாப் பெட்டிகளையும் ஒரே வரியாகக் கோக்கிறது:

பெயர்=ராமாயி&வயது=63&பின்கோடு=614620&கட்டணம்=60

இந்த வரி கம்பி வழியாகப் போகும்போது தமிழ் எழுத்துகள் இதே வடிவத்தில் போவதில்லை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு குறிகளுமாக மூன்று இடத்தைப் பிடிக்கிறது. கண்ணுக்கு ஆறே எழுத்தானாலும் 12 குறியீடு கொண்ட ‘புதுக்கோட்டை’ இப்படி 108 இடம் நீண்டுவிடும். எப்படிப் போனாலும் சர்வருக்குக் கிடைப்பது இந்த ஒரு வரிதான். அந்தப் பெண்ணின் முகமோ, ராமாயியின் ரேஷன் கார்டோ, திரையில் இருந்த நீலப் பெட்டிகளோ சர்வருக்குத் தெரியாது.

வயதுப் பெட்டியில் எழுத்தைத் தட்டினால் பிரவுசரே சிவப்புக் கோடு போட்டுத் தடுக்கிறதே, பிறகு சர்வர் எதற்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தச் சிவப்புக் கோடு வரைகிற நிரல் ஓடுவது விண்ணப்பிக்கிறவருடைய கணினியில். அவருடைய கணினியில் ஓடுவதை அவர் நிறுத்தலாம், மாற்றலாம். பிரவுசரையே விட்டுவிட்டு, மேலே காட்டிய வரியைக் கையால் எழுதி ஒரு சின்னக் கருவி மூலம் நேராகச் சர்வருக்கு அனுப்பலாம்; கல்லூரி முதலாண்டு மாணவருக்கே இது ஐந்து நிமிட வேலை. வயது இருக்கும் இடத்தில் ஆயிரம் பக்கக் கதையை வைத்து அனுப்பலாம். ‘கட்டணம்=60’ என்பதை ‘கட்டணம்=0’ என்று மாற்றலாம்.

அந்தக் கட்டணத்தை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். திரையில் அது யாரும் தொட முடியாத மறைவுப் பெட்டியில் இருந்திருக்கும். மறைவு என்பது கண்ணுக்கு மட்டும். சர்வர் அந்த 60-ஐ வாங்கி, “சரியான எண்தானா, பூஜ்யத்துக்கு மேலா” என்று சரிபார்ப்பதுகூடத் தவறு. கட்டணம் எவ்வளவு என்று சர்வருக்கே தெரியும். அதை விண்ணப்பதாரரிடம் கேட்டதே பிழை. சரிபார்ப்பின் முதல் படி, எதைக் கேட்கவே கூடாது என்று முடிவு செய்வது.

பிரவுசரில் செய்யும் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. சிக்னல் வந்து வந்து போகும் ஊரில், சர்வர் வரை போய்த் திரும்பாமல் அந்த இடத்திலேயே “ஓர் இலக்கம் குறைகிறது” என்று சொல்வது பெரிய உதவி. அது உதவி, அவ்வளவுதான். காவல் முழுவதும் சர்வரில் இருக்க வேண்டும்.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தரவுத்தளத்தோடு பேசுவதற்கு எஸ்.கியூ.எல். என்றொரு மொழி இருக்கிறது. அதன் வாக்கியம் ஒன்றைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

விண்ணப்ப அட்டவணையில் பெயர் = 'ராமாயி' என்று உள்ள வரிகளைக் கொடு.

கவனமில்லாமல் எழுதிய நிரல், பெட்டியில் வந்ததை அப்படியே எடுத்து அந்த இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்டுகிறது. ராமாயி என்று வந்தால் சிக்கல் இல்லை. ஒருவர் பெயருக்குப் பதிலாக ' அல்லது '1'='1 என்று தட்டி அனுப்புகிறார். ஒட்டி முடித்தால் வாக்கியம் இப்படி ஆகிறது:

விண்ணப்ப அட்டவணையில் பெயர் = '' அல்லது '1'='1' என்று உள்ள வரிகளைக் கொடு.

அவர் தட்டிய முதல் குறி, நிரல் திறந்துவைத்த மேற்கோளை மூடிவிட்டது. அதற்குப் பின்னால் வருவது பெயராக இல்லாமல் கட்டளையாகிவிட்டது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் நிபந்தனை எல்லா வரிகளுக்கும் பொருந்தும். ஒரு மாவட்டத்தின் விண்ணப்பங்கள் மொத்தமும் ஒரே பதிலில் வந்து கொட்டும். இந்த ஓட்டையை 1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்ற இணைய இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் விவரித்து எழுதினார். பதினேழு ஆண்டு கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியாக 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் களவு போயிற்று. அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்து, கவனிப்பாரில்லாமல் கிடந்த பழைய பக்கங்கள் வழியாகத்தான் திருட்டு நடந்தது. அபராதம் 4 லட்சம் பவுண்டு.

இதைப் படித்த நிரலாளர் உடனே செய்யத் துடிப்பது, பெயர்ப் பெட்டியில் மேற்கோள் குறியையே தடைசெய்வது. இது தவறான மருந்து. தூத்துக்குடிக் கடற்கரையில் டி'குரூஸ், டி'சூசா என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெயரில் அந்தக் குறி ஓர் உறுப்பு. சரியான மருந்து, கட்டளையையும் மதிப்பையும் ஒட்டாமல் தனித்தனியாக அனுப்புவது. “பெயர் = இந்த இடத்தில் வருவது” என்று கட்டளையை முதலில் தரவுத்தளத்திடம் கொடுத்துவிட்டு, மதிப்பைப் பின்னால் தனியாகக் கொடுத்தால், அதில் என்ன குறி இருந்தாலும் தரவுத்தளம் அதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். இன்றைய நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் இதற்கு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் டி'குரூஸ் உள்ளே வருவார், திருடருக்கு வழி அடைபடும். காவலும் மரியாதையும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும் பல இடங்களில், நாம் தேர்ந்த கருவிதான் தவறாக இருக்கிறது.

எல்லா விதியும் இப்படித் தகராறு பிடித்தவை அல்ல. அழகான விதிகளும் உண்டு. ஆதார் எண் அதற்குச் சிறந்த உதாரணம். பன்னிரண்டு இலக்கம், முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. கணக்கிடும் முறை, நெதர்லாந்துக் கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்டது.

எண்ணைப் பார்த்துத் தட்டும்போது மனிதர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஓர் இலக்கம் மாறிப்போவது முதல் வகை: 7-க்குப் பதில் 1. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது இரண்டாவது: 35-க்குப் பதில் 53. எல்லா இலக்கத்தையும் கூட்டிக் காவல் இலக்கம் உண்டாக்கினால் முதல் வகை பிடிபடும், இரண்டாவது தப்பிவிடும். 3-ஐயும் 5-ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் எட்டுதான். கடன் அட்டை எண்களில் உள்ள லூன் முறை, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்து இதைப் பெரும்பாலும் சமாளிக்கிறது, ஆனாலும் 09 என்பது 90 ஆனால் அதற்குத் தெரியாது. வெர்ஹூஃப், வரிசை மாறினால் விடையும் மாறுகிற ஒரு கணக்கைத் தேடினார். அவருக்கு அது ஐங்கோணத்தில் கிடைத்தது.

ஓர் அட்டையை ஒழுங்கான ஐங்கோணமாக வெட்டி, முனைகளுக்கு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். அது தன் இடத்திலேயே பொருந்துமாறு அதை அசைக்கப் பத்து வழி உண்டு: சும்மா விடுவதையும் சேர்த்துச் சுழற்றுவது ஐந்து, புரட்டிப் போடுவது ஐந்து. பத்து அசைவு, பத்து இலக்கம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அசைவு. இப்போது ஒரு முனை வலப்பக்கம் சுழற்றிவிட்டுப் புரட்டுங்கள். பிறகு முதல் நிலைக்கு வந்து, முதலில் புரட்டிவிட்டு அப்புறம் வலப்பக்கம் சுழற்றுங்கள். அடையாளம் போட்ட முனை இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. கூட்டலில் இல்லாத இந்த வரிசை உணர்வை எடுத்துக்கொண்டு, இலக்கம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அதை ஒரு தடவை மாற்றியும் வைத்தார் வெர்ஹூஃப். ஓர் இலக்கப் பிழை அனைத்தும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும் பிழை அனைத்தும் இதில் சிக்கிவிடும், விதிவிலக்கே கிடையாது. ராமாயியின் ஆதாரில் ஓர் இலக்கத்தை அந்தப் பெண் அவசரத்தில் மாற்றித் தட்டியிருந்தால், எந்தத் தரவுத்தளத்தையும் கேட்காமலே சர்வர் உடனே சொல்லிவிடலாம். எனக்கு இது ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதற்கு மேல் அந்த இலக்கம் எதையும் சொல்லாது. மனம்போன போக்கில் பன்னிரண்டு இலக்கம் எழுதினாலும் பத்தில் ஒன்று இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். எண் ஒழுங்காகத் தட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு. அப்படி ஓர் எண் இருக்கிறது என்பது வேறு. அது இவருடையதுதான் என்பது அதற்கும் மேலே.

இனி, விதிகள் மோசமாகச் சறுக்கும் இடத்துக்கு வருவோம்: பெயர்.

“பெயரில் எழுத்துகள் மட்டும் வரலாம்” என்று ஒரு விதி. கேட்க நியாயமாக இருக்கிறது. பைத்தான் மொழியில் ஒரு சொல் முழுவதும் எழுத்துதானா என்று கேட்பதற்குத் தயாராக ஒரு கட்டளை உண்டு. அதனிடம் ‘கமல’ என்று கொடுத்தால் ஆம் என்கிறது. ‘கமலா’ என்று கொடுத்தால் இல்லை என்கிறது. காரணம், யுனிகோடு வகைப்பாட்டில் க, ம, ல மூன்றும் எழுத்துகள். துணைக்கால் எழுத்து வகையில் சேராது, அது குறி வகை. கொம்பு, சுழி, கொக்கி, புள்ளி எல்லாம் அப்படியே. துணைக்காலோ கொக்கியோ புள்ளியோ இல்லாத தமிழ்ப் பெயர் அபூர்வம். அந்த ஒரு கட்டளையை நம்பினால் சரவணன் இல்லை, முருகேசன் இல்லை, ராமாயி இல்லை. விதி எழுதும்போது எழுத்தோடு குறிகளையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும், இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் இடைவெளியையும் அனுமதிக்க வேண்டும்.

நீளத்திலும் இதே கதை. ‘புதுக்கோட்டை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் 12 குறியீடு. சேமிக்கும்போது 36 பைட். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ஊர்ப் பெயருக்கு 30 பைட் போதும் என்று ஒதுக்கிய பழைய அட்டவணையில் இதைப் போட்டால், பத்துக் குறியீட்டோடு வெட்டி ‘புதுக்கோட்’ என்று சேமித்துவிடும். பல சமயம் யாருக்கும் சொல்லாமலே. வெட்டிச் சேமிப்பதைவிட ஏற்க மறுத்துவிடுவது நல்லது. மறுப்பதைவிடப் பெட்டியைப் பெரிதாக்குவது நல்லது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று ‘கோ’வில் இருக்கிறது. அந்த ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். ஒரு துறையின் பட்டியலில் ஒரு வகையும் விண்ணப்பத்தில் இன்னொரு வகையும் இருந்தால், சர்வர் குறியீடு குறியீடாக ஒப்பிட்டு “பெயர் பொருந்தவில்லை” என்று சொல்லிவிடும். கவுன்டரில் இருக்கும் பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், ஒரு வித்தியாசமும் தெரியாது. “சர்வர் எடுக்கல ஆத்தா, நாளைக்கு வாங்க” என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? இதற்குத் தீர்வு எளிது: உள்ளே வரும் எழுத்தை எல்லாம் முதல் வேலையாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஒப்பிடுவதும் சேமிப்பதும் அதற்குப் பிறகுதான். யுனிகோடு அமைப்பே இதற்கு வடிவங்களை வரையறுத்து வைத்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதும் நிரல்களில்கூட இந்த ஒரு படி விட்டுப்போயிருப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

எழுத்தைத் தாண்டினால் பெயரின் அமைப்பு நிற்கிறது. நமக்கு ஒரு பெயரும், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தும் போதும். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து, இரண்டும் கட்டாயம் என்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர் பான் கார்டுக்குப் போனால் கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் அவர் பெயர் அந்தப் பெட்டியில் போய் உட்காருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து, அதே பெயர் முதல் பெட்டியில் இருக்கிறது. ஒரே மனிதர், இரண்டு அரசு ஆவணம், பெயர் இரண்டு வேறு பெட்டியில். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் நிறைய. விமானச் சீட்டு எடுக்கும் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் நகராது என்பதால் ஒரே பெயரை இரண்டு பெட்டியிலும் போட்டுச் சமாளிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இரண்டு பெட்டி என்ற ஒரு வடிவமைப்பு முடிவு மனிதர்களை விமான நிலையத்தில் நிறுத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வைத்திருந்தால் பெரும்பாலான தேவைகளுக்கு அதுவே போதும்.

பிறந்த தேதியும் அப்படியே. பிப்ரவரி 30 இல்லை, 2023-ல் பிப்ரவரி 29 இல்லை, நாளைய தேதியில் யாரும் பிறந்திருக்க முடியாது. இவை உறுதியான விதிகள், எழுதலாம். ஆனால் நாளும் மாதமும் கட்டாயம் என்பது உறுதியான விதி அல்ல. பிறந்த வருடம் மட்டும் அச்சான ஆதார் அட்டைகள் இன்னும் முதியவர்கள் கையில் இருக்கின்றன. ஆண்டு மட்டும் தெரியும் என்று சொல்ல ஒரு வழி விடாத படிவம், அவர்களை ஒரு தேதியை இட்டுக்கட்டச் சொல்கிறது. அந்த இட்டுக்கட்டிய தேதி பிறகு இன்னொரு படிவத்தில் வேறு ஆவணத்தோடு மோதும்.

காலம் ஓடிக்கொண்டிருப்பதால் சரியான விதியும் பழசாகும். 6-ல் தொடங்கும் கைபேசி எண்கள் வந்தபோது 7, 8, 9 மட்டும் தெரிந்திருந்த படிவங்கள் அவற்றை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2019-ல் ஐந்து புதிய மாவட்டங்கள் பிறந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவதாக வந்தது. புதுக்கோட்டை நகராட்சி 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. மாவட்டப் பட்டியலும் உள்ளாட்சிப் பட்டியலும் நிரலுக்குள் அடித்து வைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலாளரைத் தேட வேண்டும். தரவுத்தளத்தில் தனி அட்டவணையாக, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு இருந்தால் அலுவலகத்தில் உள்ளவரே மாற்றிக்கொள்வார்.

இதுவரை பார்த்தது மதிப்பின் வடிவம். வடிவம் சரியான மதிப்பு உண்மையா என்பது அடுத்த படி. அதன் பிரம்மாண்டமான உதாரணத்தை நாமே பார்த்தோம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்குச் சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு விதி. ஒவ்வொரு விதியும் வேறொரு துறையின் தரவைக் கேட்டுப் பார்த்தால்தான் விடை தெரியும். வங்கிக் கணக்கு எண் இலக்கம் இலக்கமாகச் சரியாக இருந்தாலும் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதனால் முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்ததுதான் சரிபார்ப்பு. ஏற்கப்பட்டவர்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல்.

இந்தப் படி தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2020-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகள் அல்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் அதில் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். படிவத்தில் இருந்த பெயரும் ஆதாரும் கணக்கு எண்ணும் வடிவத்தில் குறையில்லாதவை, பல பேருடையவை உண்மையானவையும்கூட. வட்டார அதிகாரிகளுக்கான கடவுச்சொற்கள் வெளியாட்கள் கையில் இருந்தன. ஒப்புதல் பொத்தானை அழுத்தியது யார், விண்ணப்பித்தவர் பெயரில் நிலம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியைச் சர்வர் கேட்கவில்லை. பணம் வேண்டியிருந்த ஏழைகளைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது.

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில பேரைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். அப்போது அவர்களிடம் என்ன சொல்கிறோம்? 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் இரவு வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் பலருக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். தன் பெயரைத் தானே எழுதக் கற்றுக்கொண்ட ஒருவரிடம் திரை ‘தவறான உள்ளீடு’ என்று சொல்வது எனக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றுகிறது. எந்தப் பெட்டி, அதில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது, இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்றையும் தமிழில் சொல்ல வேண்டும். எல்லாப் பிழையையும் ஒரே முறையில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லி மூன்று முறை பேருந்து ஏற வைக்கக் கூடாது. ஏற்கெனவே நிரப்பிய மற்ற பெட்டிகளைக் காலி செய்துவிடக் கூடாது.

மகளிர் உரிமைத் தொகையில் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி போயிற்று, 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய வழி இருந்தது, முடிவெடுக்கும் பொறுப்பு வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என்று மூன்று கோட்டங்கள். அப்படி ஒரு மனு கோட்டாட்சியரின் மேசைக்கு வரும்போது, எந்த விதி தடுத்தது, எந்தத் துறையின் எந்தத் தேதித் தரவோடு ஒப்பிட்டுத் தடுத்தது, விண்ணப்பத்தில் இருந்த மதிப்பு என்ன, பட்டியலில் இருந்த மதிப்பு என்ன என்பது அவர் திரையில் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால், நிராகரிக்கும் அந்த நொடியிலேயே சர்வர் இவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், விதி திருத்தப்பட்டால் பழைய விதியும் தேதியோடு காப்பாற்றப்பட வேண்டும். வாரம் ஒரு முறை அந்தப் பதிவேட்டை வட்டம் வட்டமாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஊரிலிருந்து ஒரே விதியில் நூறு பேர் விழுந்திருப்பது கண்ணில் படும்; பிழை அந்த நூறு பேரிடமா விதியிலா என்று விசாரிக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்தப் பதிவேட்டில் ஆதார் எண்ணை முழுவதுமாக எழுதி வைக்க வேண்டாம். கடைசி நான்கு இலக்கம் போதும்.